உரிய காலத்தில் கடல் கடந்த அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் இந்திய அரசியல் சட்டத்தை வகுத்தவர், தாழ்த்தப்பட்ட மக்களின் தனிப்பெருந் தலைவர், மாபெரும் அறிஞர் என்பதனை நம் சமுதாயத்தில் அறியாதார் இலர். அவர் பெற்ற பட்டங்களை வரிசையாக ஒப்புவிக்கும் சிறுவர்களும் நம் சித்தேரி மலைப்பகுதியில் உளர். ஆனால் அப்பட்டங்களை அவர் எவ்வாறு பெற்றார், எந்த மாதத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டினார், கைப்பொருள் தீர்ந்தபோது சேர்க்கை உரிமையை இழந்துவிடாமல் எவ்வாறு காத்துக்கொண்டார் என்பவற்றை விரித்துரைப்பார் மிகச் சிலரே. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துரைப்பது, மேற்படிப்பை எண்ணியிருக்கும் நம் இளைஞர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறேன்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் எனும் படைவீட்டு நகரில், சுபேதார் இராம்ஜி சக்பாலின் கடைசி மகவாகத் தோன்றிய பீமராவ், 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, 1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டின் தொடக்கத்தில் பரோடா அரசில் பணியேற்ற சில நாட்களுக்குள் தந்தையார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. 1913 பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையாரை இழந்தார். குடும்பப் பாரம் முழுவதும் தோள்மேல் விழுந்த அந்த வேளையிலேதான் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், மாணவர் சிலரை அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப் போகிறார் என்னும் செய்தி எட்டியது. வேறொருவராயின் துயரம் ஆறட்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பர். அண்ணல் அவ்வாறு இருந்தாரில்லை. 1913 ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை. காலம் 1913 ஜூன் 15 முதல் 1916 ஜூன் 14 வரை, சரியாக மூன்றாண்டு. படித்துத் திரும்பியபின் பத்தாண்டு பரோடாவில் பணியாற்றல் வேண்டும். இவை அவ்வொப்பந்தத்தின் விதிகள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்டு தொடங்குவது செப்டம்பர் மாதம். அண்ணல் நியூயார்க் நகரில் இறங்கியது ஜூலை மாதம். இந்த இரண்டு மாத இடைவெளி சிறிதெனத் தோன்றும். உணவு, உறைவிடம், குளிர், மொழியின் ஒலிப்பு ஆகிய அனைத்தும் புதியனவாக இருக்கும் ஒருவனுக்கு, வகுப்பு தொடங்குமுன் கிடைக்கும் இரண்டு மாதம் பெரும் செல்வமாகும். அங்கே அவர் பொருளியல், வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானிடவியல், அரசியல் என விதிக்கப்பட்டதற்கும் மேலாகப் பயின்றார். செலிக்மன், ஜான் டூயி முதலிய பேராசிரியர்கள் அவருக்கு ஆசிரியராய் அமைந்தனர். 1915 ஜூனில் எம்.ஏ. பட்டம், 1916 மே 9இல் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய ஆய்வுரை, அதே ஆண்டு ஜூனில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேடு. உதவித்தொகை முடியும் நாளும் ஆய்வேடு முடிந்த நாளும் ஒரே மாதத்தில் அமைந்தது தற்செயல் அன்று என்பதே என் எண்ணம்.

அத்துடன் அவர் நிறைவு கொள்ளவில்லை. பரோடா அரசிடம் மேலும் கால நீட்டிப்பு வேண்டிப் பெற்று, 1916இல் இலண்டன் சென்றார். இலண்டன் பொருளியல் பள்ளியிலும், வழக்கறிஞர் கல்விக்குக் கிரேஸ் இன் எனும் சட்டக் கழகத்திலும் அவ்வாண்டின் இலையுதிர் பருவத்திலேயே சேர்ந்தார். பேராசிரியர் செலிக்மன், அப்பள்ளியின் ஆசிரியர் பாக்ஸ்வெல்லுக்கு அவரைப் பற்றிப் பரிந்துரை எழுதியிருந்தார். மேல்நாட்டுக் கல்விக்கூடங்களில் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்திற்கு இருக்கும் மதிப்பை நம் இளைஞர்கள் இங்கே குறித்துக்கொள்ளல் நலம். ஆசிரியர் அறியும்படி படித்த மாணவனுக்கே அத்தகைய கடிதம் வாய்க்கும்.

சட்டக் கழகத்தின் முறை சற்று வேடிக்கையானது. அங்கே தேர்வு எழுதினால் மட்டும் போதாது. பருவந்தோறும் குறிப்பிட்ட நாட்கள் கழகத்தின் உணவுக்கூடத்தில் மற்றவருடன் அமர்ந்து உண்ணவும் வேண்டும். ஆண்டுக்கு நான்கு பருவமாகப் பன்னிரண்டு பருவம் நிறைவுற்றாலன்றி வழக்கறிஞராக அழைக்கப்பட இயலாது. நம் நாட்டில் ஒரே கிணற்றில் நீர் எடுக்கத் தடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர், அங்கே ஆங்கிலப் பிரபுக்களின் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்தார்.

1917ஆம் ஆண்டு நடுவில் உதவித்தொகை நின்றது. திரும்பி வருக என்று பரோடாவிலிருந்து ஆணை. படிப்போ பாதியில் நிற்கிறது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்நிலையில் அண்ணல் செய்த ஒரு செயலே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி. மனமுடைந்து மூட்டை கட்டிவிடாமல், இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு முறைப்படி விண்ணப்பித்து, 1917 அக்டோபரிலிருந்து நான்காண்டுக்குள் எப்போது வேண்டுமாயினும் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பெற்றுக்கொண்டார். அதன் பின்னரே கப்பல் ஏறினார். படிப்பைக் கைவிடுவது வேறு. இடைநிறுத்தி வைப்பது வேறு. இரண்டிற்கும் இடையே நின்றது அந்த ஒரு விண்ணப்பம்!

அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் வேறொரு கப்பலில் வந்தன. அக்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த பணமே அவர் பரோடா செல்லும் வழிச் செலவாயிற்று. பரோடாவில் அவருக்கு நேர்ந்த இழிவுகள், தங்க இடமின்றிப் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்ட கொடுமை ஆகியவற்றை நம் மேடைகளில் பலரும் உரைத்துள்ளனர். மீண்டும் கூறுவது வேண்டுவதில்லை.

பம்பாய்க்கு மீண்டவர் 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். ஊதியம் திங்களுக்கு 450 ரூபாய். அந்நாளில் அது பெருந்தொகை. எனினும் துணைவியார் இரமாபாய் அம்மையாருடன் எளிய குடியிருப்பிலேயே வாழ்ந்து, ஊதியத்தில் ஒரு பகுதியை இலண்டன் படிப்புக்கென ஒதுக்கி வந்தார். 1920 ஜனவரி 31இல் மூக்நாயக் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச்சில் மாண்காவ் மாநாட்டில் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அவரைத் தம் மக்களின் தலைவரெனப் போற்றினார். பொதுவாழ்வு வாவென்று அழைத்த அந்த வேளையில் பதவியைத் துறந்து, சேமிப்பும், சாகு மகராஜின் உதவியும், நண்பர் நவல் பதேனா தந்த 5,000 ரூபாய்க் கடனும் கொண்டு 1920 ஜூலையில் மீண்டும் கடல் கடந்தார்.

எண்ணிப் பாருங்கள். இலண்டன் பல்கலைக்கழகம் அளித்த நான்காண்டுக் கெடு 1921 அக்டோபரில் முடிகிறது. அண்ணல் மீண்டும் சேர்ந்தது 1920 செப்டம்பர் இறுதியில். கெடு முடிய ஓராண்டே எஞ்சியிருந்தது. மேலும் ஓராண்டு பணம் சேர்த்துக்கொண்டு போகலாம் எனத் தயங்கியிருப்பாராயின், அந்த உரிமை காலாவதியாகியிருக்கும். முழுப் பணமும் கைக்கு வந்தபின் புறப்படுவேன் என்பவன் பெரும்பாலும் புறப்படுவதில்லை. அண்ணல் கெடுவை முதலில் நோக்கினார், பணத்தை அதற்கேற்ப ஈட்டினார்.

இலண்டனில் அவர் வாழ்ந்த முறை தவம் போன்றது. காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தின் கதவு திறக்கும்போது உள்ளே செல்வார். மாலையில் காவலர் கதவடைக்கும்வரை வெளிவாரார். வண்டிக்குச் செலவிடாமல் நடந்தே செல்வார். பசியோடு படுத்த இரவுகள் பல. பம்பாயில் அம்மையார் பட்ட பாடு அதனினும் பெரிது. அதனை எழுதுவதற்குத் தனி மலரே வேண்டும். 1921 ஜூனில் எம்.எஸ்ஸி. பட்டம் கிட்டியது. கெடுவுக்குள் முடிந்துவிட்டது! 1922 ஜூன் 28இல் வழக்கறிஞராக அழைக்கப்பெற்றார்.

இதற்கிடையே அவர் கண் ஜெர்மனியின் மீதும் விழுந்தது. 1921 பிப்ரவரியில் இலண்டனிலிருந்தபடியே பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சகத்திற்குத் தம் கைப்பட ஜெர்மன் மொழியில் விண்ணப்பம் எழுதினார். கொலம்பியாவில் இருந்தபோதே அம்மொழியைக் கற்றிருந்தார். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் கோடைப் பருவம் ஏப்ரலில் தொடங்குவது. இரண்டு மாதம் முன்னதாக விண்ணப்பம் சென்றது. 1921 ஏப்ரல் இறுதியில் பான் பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. எனினும் இலண்டன் வேலை அவரை விடவில்லை. வகுப்புகளுக்கு வராமையால் 1922 ஜனவரியில் அங்கே அவர் பெயர் நீக்கப்பட்டது. அண்ணலுக்கும் ஒரு சேர்க்கை இவ்வாறு கைநழுவியது என்பதை மறைப்பானேன்? இரு நாட்டின் பருவங்கள் ஒன்றோடொன்று மோதும்போது ஒன்றை விட்டாக வேண்டும். அவர் முடிவடையும் நிலையிலிருந்ததைப் பற்றிக்கொண்டார். 1922 அக்டோபரில் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை இலண்டனில் அளித்துவிட்டு, மீண்டும் பான் நகர் சென்றார். அப்போது ஜெர்மானியப் பணமாகிய மார்க்கின் மதிப்பு நாள்தோறும் சரிந்துகொண்டிருந்தது. 1914இல் பவுன் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 மார்க். 1922 முடிவில் 30,000ஐத் தாண்டிவிட்டது. நாணயத்தின் மதிப்பைப் பற்றியே ஆய்வு செய்தவருக்கு அது கண்ணெதிரே நடந்த பாடம். கையில் சிறிது பவுன் வைத்திருந்த ஏழை மாணவனுக்கு வாழ்க்கைச் செலவும் குறைவு.

இவ்விடத்தில் இன்றைய நிலையையும் கூறுதல் தகும். ஜெர்மனியில் பருவ முறை இன்றும் ஏறக்குறைய அதுவே. குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். அதற்கான விண்ணப்பம் பல இடங்களில் ஜூலை 15உடன் முடியும். கோடைப் பருவம் ஏப்ரலில். அதற்கு ஜனவரி 15. முதுகலைப் படிப்புகள் சிலவற்றுக்கு அதற்கும் முன்னரே கெடு முடிந்துவிடும். இங்கிலாந்தில் ஆண்டு பிறப்பது செப்டம்பர் அல்லது அக்டோபரில். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் ஜெர்மனிக்கு விசாப் பெற ஏ.பி.எஸ். எனும் சான்றாய்வு மையத்தின் சான்றிதழையும் காட்டல் வேண்டும். அதற்கே பல வாரம் பிடிக்கும். வாழ்க்கைச் செலவுக்கென முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுக்குக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. ஆகவே அக்டோபரில் வகுப்பில் அமர விரும்புவோன், முந்திய ஆண்டு அக்டோபரிலேயே வேலையைத் தொடங்குதல் வேண்டும். மொழித் தேர்வு, பரிந்துரைக் கடிதம், கடவுச்சீட்டு ஆகியவை அவ்வாண்டு முடிவதற்குள் கையில் இருத்தல் வேண்டும்.

பணத்திற்கு அன்று பரோடா மன்னர், இன்று அரசு. 1954-55 முதல் நடுவண் அரசு அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை வழங்கி வருகிறது. பட்டியல் இனத்தவருக்குச் சமூக நீதி அமைச்சகமும், நம் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர் போன்றோருக்குப் பழங்குடியினர் நல அமைச்சகமும் தனித்தனியே நடத்துகின்றன. தமிழ்நாடு அரசும் அண்ணலின் பெயராலேயே அயலக உயர்கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. இவற்றிற்கான அறிவிப்பு ஆண்டின் குறிப்பிட்ட நாட்களிலேயே வரும். பல்கலைக்கழகத்தின் கெடுவும் உதவித்தொகையின் கெடுவும் ஒன்றாக இரா. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வாங்குவதற்கு மலையிலிருந்து இறங்கி அரூருக்குப் பேருந்து ஏறும் நம் பிள்ளைகள், அறிவிப்பு வந்தபின் ஓடுவார்களாயின் நாள் கடந்துவிடும். சான்றிதழ்களை முன்னரே ஆயத்தமாக வைத்திருப்போர்க்கே அந்தக் கதவு திறக்கும்.

அண்ணலின் வரலாற்றுக்கு மீள்வோம். 1923 மார்ச்சில் இலண்டன் பேராசிரியர் எட்வின் கேனன் அவரை அழைத்தார். ஆங்கில ஆட்சியின் நாணயக் கொள்கையை அவர் கண்டித்த முறை தேர்வாளர்களுக்கு உவப்பாக இல்லை. திருத்தித் தரும்படி கூறினர். கையிலோ காசில்லை. இலண்டனில் தங்கித் திருத்த வழியின்றி, ஏப்ரலில் பம்பாய் திரும்பி, முடிவுகளை மாற்றாமல் நடையை மட்டும் திருத்தி அனுப்பினார். 1923 நவம்பரில் டி.எஸ்ஸி. பட்டம் வழங்கப்பட்டது. அந்நூல் அச்சேறியபோது முன்னுரை எழுதியவர் அதே கேனன்தான். அதிலுள்ள கருத்துகள் அனைத்தையும் அவர் ஏற்றுக்கொண்டாரில்லை என்பது தனிச் செய்தி. உதவி செய்த சாகு மகராஜ் இதனைக் காண இல்லை. 1922 மே மாதமே மறைந்துவிட்டார்.

கொலம்பியாவின் முனைவர் பட்டம் மட்டும் இன்னும் எஞ்சியிருந்தது. ஆய்வேட்டை அச்சிட்டு அளித்தாலன்றிப் பட்டம் தருவதில்லை என்பது அங்குள்ள விதி. 1916இல் எழுதப்பட்டது 1925இல் விரிவான நூலாக வெளிவந்தது. 1927 ஜூனில், மகாத் குளத்து நீரை அண்ணல் தம் மக்களோடு பருகிய மூன்றாம் மாதத்தில், அப்பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. பின்னர் 1952 ஜூனில் அதே கொலம்பியாப் பல்கலைக்கழகம் மதிப்புறு சட்ட அறிஞர் பட்டம் அளிக்க அவரை அழைத்தது. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு உதவித்தொகை மாணவராக இறங்கிய அதே நியூயார்க் நகருக்கு அண்ணல் மீண்டும் சென்று அதனைப் பெற்றுக்கொண்டார்.