ரேஸ் காரை நிறுத்திய திரவம்.. யார் இந்த ஃபிரெட் டூசன்பெர்க்?

ரேஸ் கார் பறந்தா மட்டும் போதாது, வளைவு வந்தா வேகம் குறையணும். அதுக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஃபிரெட் டூசன்பெர்க்.

1876இல் ஜெர்மனியில் பிறந்தவர், சிறு வயதிலேயே அமெரிக்கா வந்தார். சைக்கிளில் ஆரம்பித்து, தம்பி ஆகஸ்ட்டுடன் சேர்ந்து ரேஸ் கார் தயாரிப்பில் இறங்கினார்.

திருப்புமுனை, 1921 ஜூலையில் லீ மான்ஸில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ. டூசன்பெர்க் காரின் 4 சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக். பெடலை மிதித்தால், குழாயில் உள்ள திரவம் அழுத்தத்தை எல்லா சக்கரங்களுக்கும் கொண்டுபோகும். பயிற்சி விபத்தில் காயமடைந்திருந்தும், ஜிம்மி மர்ஃபி அந்தக் காரில் ஜெயித்தார்.

அப்போ ஊற்றிய திரவம் என்ன தெரியுமா? தண்ணீரும் கிளிசரினும்!

இன்றைக்கு பிரேக் ஆயிலுக்கு தண்ணீர்தான் எதிரி. ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். ஆவிக்குமிழி உருவானால் பெடல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. அதனால்தான் ரேஸ் பிரேக் ஆயில்கள் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிநிலை கொண்டதாகத் தயாரிக்கப்படுகின்றன.

பிரேக்குக்குப் பெயர் வாங்கிய டூசன்பெர்க்கின் உயிரைப் பறித்ததும் கார் விபத்துதான். 1932இல் பென்சில்வேனியாவில் காரோட்டிச் சென்றபோது படுகாயமடைந்து, சில வாரங்களில் 55 வயதில் இறந்தார்.