எண்ணியல் மேதை சிவசங்கர நாராயண பிள்ளை

கல்லூரியில் கணிதம் பயிலும் நம் பிள்ளைகள் இறுதியாண்டில் எண்ணியல் என்றொரு பாடம் கற்கின்றனர். பகா எண், வகுமீதி என்றெல்லாம் அவர்கள் பேசக் கேட்கும் பெற்றோர், இதனால் சோறு கிடைக்குமா என வினவுவது இயல்பே. அத்துறைக்கே தம் வாழ்நாளை ஈந்த தமிழர் ஒருவர், நம் திருவனந்தபுரத்திலே பயின்றவர், என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

அவரே சுப்பையா சிவசங்கர நாராயண பிள்ளை. குற்றாலத்திற்கு அருகிலுள்ள வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்தார். ஓராண்டில் தாயை இழந்தார். பள்ளியிறுதி வகுப்பில் தந்தையும் மறைந்தார். படிப்பு அன்றோடு நின்றிருக்கும்; சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி செய்து காத்தார். அந்நல்லாசிரியர் இல்லையேல் இக்கட்டுரையும் இல்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, உபகாரச் சம்பளம் பெற்று இந்நகரின் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்கல்லூரியே பாளையத்தில் இன்று பல்கலைக்கழகக் கல்லூரி எனத் திகழ்கிறது.

1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதத்திற்கென டி.எஸ்ஸி. பட்டம் முதன்முதல் பெற்றவர் இவரே.

சிதம்பரத்தில் இருந்தபோதுதான் வாரிங் என்னும் ஆங்கிலேயர் 1770-இல் விடுத்த புதிரை எடுத்துக்கொண்டார். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டாகவோ எழுதிவிடலாம். ஆறாம் அடுக்கு எண்களாயின் எத்தனை வேண்டும்? 73 போதும் என 1940-இல் நிறுவினார். அதற்குக் குறைந்தால் போதாது என்பதை நம் வீட்டுச் சிறுவரும் காணலாம். 703 என்ற எண்ணை எடுத்துக்கொள்க. 3-இன் ஆறாம் அடுக்கு 729 ஆதலால் உதவாது. பத்து 64-உம் அறுபத்து மூன்று ஒன்றுகளும் சேர்த்தே ஆகவேண்டும், ஆக 73.

ஏழு முதலான அடுக்குகளுக்கும் அவர் வழிகண்டார். ஏறத்தாழ அக்காலத்தே அமெரிக்கரான டிக்சனும் தனியே அதே முடிவுகளை எட்டினார். பிள்ளையவர்களின் கட்டுரைகள் பெரும்பாலும் இந்திய இதழ்களிலே வெளிவந்தன; உலகம் அவர் பெயரை உரிய அளவு அறியாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணமென்றே நாம் கருதுகிறோம்.

இன்னொரு முடிவு சுவையானது. தொடர்ச்சியான 16 எண்கள் வரை எங்கு எடுத்தாலும், ஏனைய எவற்றோடும் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றேனும் அவற்றுள் இருக்கும். 17 ஆனால் இந்நியதி பொய்க்கும். 2184 முதல் 2200 வரை பார்த்து அறிக. விடுமுறை நாளில் பிள்ளைகளுக்கு நல்ல வேலை!

இனி, பயன் யாது? அவர் காலத்தில் எண்ணியலுக்கு உலகியற் பயன் பெரிதாக ஏதுமில்லை. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் மூவர் அமெரிக்காவில் ஒரு மறைப்பு முறை கண்டனர். இரு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கற்பலனைக் கொண்டு அவ்விரண்டையும் மீட்டல் அரிது. இதனடியாக எழுந்த பூட்டுகளே இணையத்தில் ரயில் பயணச்சீட்டு வாங்குவோரின் பணத்தையும் காக்கின்றன. அப்பூட்டைப் பிள்ளையவர்கள் செய்தார் என்பதன்று நம் கூற்று. அவர் ஏழ்மையிலும் விடாது உழுத நிலத்திலே பின்னர் அது விளைந்தது.

1941-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அடுத்த ஆண்டே கல்கத்தா அழைத்துக்கொண்டது. 1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டு தங்க அழைப்பு விடுத்தது. ஹார்வர்டில் கூடும் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். ஆகஸ்டு 31-ஆம் நாள் கெய்ரோவை விட்டு எழுந்த விமானம் தீப்பற்றிப் பாலைவனத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளையவர்களுக்கு வயது 49.

ஐந்தாம் அடுக்கின் விடை 37 எனச் சீனரான சென் 1964-இல் கண்டார். நான்காம் அடுக்கின் விடை 19 என 1986-இல் நிறுவிய மூவருள் நம்மவரான ஆர். பாலசுப்பிரமணியனும் ஒருவர். பிள்ளையவர்களின் கட்டுரைகளை இரு தொகுதிகளாக 2010-இல் பதிப்பித்தவர்களுள்ளும் அவர் உண்டு. அத்தொகுதிகளை நம் சங்க நூலகத்திற்கு இவ்வாண்டே வாங்கி வைக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறோம்.