பொம்மைகளுக்கு வீடு தந்த சங்கர் பிள்ளை

மரப்பாச்சி என்னும் பொம்மையை நம் முன்னோர் வைத்திருந்தனர். செம்மரத்தில் செதுக்கிய ஆண், பெண் இணை அது. மணமகளுக்குத் தாய்வீட்டுச் சீர்வரிசையோடு வந்து, ஆண்டுதோறும் நவராத்திரிக் கொலுவின் போது புத்தாடை பெறும். அந்த ஆடையைத் தைப்பவர் தையற்காரர் அல்லர். வீட்டுத் தாய்மாரும் சிறுமியருமே பழைய புடவைத் துண்டைக் கத்தரித்து, சரிகைக் கரையை வைத்துத் தைத்து, பொம்மைக்கு உடுத்தி மகிழ்வர். பொம்மைக்கு உடை தைப்பது பொழுதுபோக்கு என்றும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றும் கருதுவோர் உளர். அதனை ஒரு நாட்டின் பெருமைக்குரிய பணியாக உயர்த்திக் காட்டிய ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துக் கூற விழைகிறோம்.

அன்னார் கேசவ சங்கர் பிள்ளை. சங்கர் என்ற பெயராலேயே உலகம் அவரை அறியும். 1902 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாள், அந்நாளில் திருவிதாங்கூர் அரசாக விளங்கிய இன்றைய கேரளத்தில், காயங்குளம் என்னும் ஊரில் பிறந்தார். நம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வேப் பணிக்கு வந்து குடியேறிய மலையாளக் குடும்பங்களுக்குப் பழக்கமான மண்தான் அது.

பள்ளியில் பயிலும் போது அவர் வரைந்த முதற் கேலிச்சித்திரம் எது தெரியுமா? வகுப்பறையில் உறங்கிக் கொண்டிருந்த ஓர் ஆசிரியரின் உருவம்! அதனைக் கண்ட தலைமையாசிரியர் கடுஞ்சினம் கொண்டார். அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம் இதனை எழுதும்போது சற்றே நாணத்தான் வேண்டியிருக்கிறது. உறங்கியவரை விட்டுவிட்டு வரைந்தவனைக் கடிந்து கொள்வது எந்த நீதி? நல்லவேளையாக, சிறுவனின் மாமன் அந்தப் படத்தில் குறும்பை மட்டுமன்றித் திறமையையும் கண்டார், ஊக்கமளித்தார். மாணவர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு நம் ஆசிரியர்களை வரையத் தொடங்கினால், குறைந்தது விழித்திருக்கும் போதாவது வரையுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

திருவனந்தபுரத்தில் பட்டம் பெற்ற பின்னர் சட்டம் பயிலப் பம்பாய் சென்றார். சட்டம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. படிப்பைக் கைவிட்டு, ஒரு கப்பல் நிறுவன முதலாளியிடம் செயலாளராகப் பணியாற்றிக்கொண்டே நாளிதழ்களுக்குச் சித்திரம் வரைந்து அனுப்பினார். 1932 இல் டில்லியில் இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியராயிருந்த போத்தன் ஜோசப் அவரை அழைத்துக் கேலிச்சித்திரக்காரராக அமர்த்தினார். 1946 வரை அங்கே பணி. பின்னர் 1948 இல் சங்கர்ஸ் வீக்லி என்னும் தம் சொந்த வார இதழைத் தொடங்கினார். அதனை வெளியிட்டவர் பிரதமர் ஜவகர்லால் நேரு. அந்த இதழ் அதே நேருவையும் வாரந்தோறும் கேலி செய்யத் தயங்கவில்லை. நேருவும் அதற்காக அவரிடம் நட்பு பாராட்டாமல் இருந்ததில்லை.

அரசியல் சித்திரங்களின் பெருமையைப் பிற நூல்களில் காணலாம். நமக்கு வேண்டிய கதை 1949 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அவர் தம் இதழின் வாயிலாகக் குழந்தைகளுக்கென ஓர் ஓவியப் போட்டியை நடத்தினார். அடுத்த ஆண்டிலேயே வெளிநாட்டுக் குழந்தைகளும் கலந்துகொள்ளும் போட்டியாக அது விரிந்தது. அரசியல்வாதிகளின் மூக்கையும் தாடையையும் பெரிதாக்கி வரைந்த கை, குழந்தைகளின் கோணல் கோடுகளை அன்போடு தொகுக்கத் தலைப்பட்டது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், அந்தப் போட்டியில் பரிசாக வழங்குவதற்கென்று அங்கேரி நாட்டிலிருந்து ஒரு பொம்மை அவரிடம் வந்து சேர்ந்தது. தம் நாட்டு உடையை அணிந்த பொம்மை. அதன் அழகில் சங்கர் மனத்தைப் பறிகொடுத்தார். அங்கேரிக்குச் சென்றிராத ஒரு குழந்தை, அந்நாட்டு மக்கள் எப்படி உடுத்துவர், எந்த நிறத்தை விரும்புவர், தலையில் என்ன அணிவர் என்பதையெல்லாம் அந்தச் சிறு உருவத்தைக் கண்டே அறிந்துகொள்ளலாமே! புத்தகத்தில் உள்ள படம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். பொம்மையோ முன்னும் பின்னும் காட்டும். மடிப்பு எங்கே விழுகிறது, முடிச்சு எங்கே போடப்படுகிறது என்பதையும் காட்டும்.

அன்று முதல் சேகரிப்புத் தொடங்கியது. பிரதமரின் வெளிநாட்டுப் பயணங்களில் செய்தியாளர் குழுவோடு செல்லும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி கிடைத்தது. சென்ற நாடுதோறும் பொம்மை தேடினார். ஏறத்தாழ 500 பொம்மைகள் சேர்ந்தன. அவற்றைத் தம் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திராது. நாடெங்கும் உள்ள குழந்தைகள் காண வேண்டும் என்று விரும்பி, போட்டிக்கு வந்த ஓவியங்களோடு பொம்மைகளையும் ஊர் ஊராகக் கொண்டுசென்று கண்காட்சி நடத்தினார்.

அதில்தான் தொல்லை பிறந்தது. ஒவ்வோர் ஊரிலும் பெட்டியைப் பிரிப்பதும், அடுக்குவதும், மீண்டும் கட்டுவதுமாக இருந்ததால் பொம்மைகள் பழுதுபட்டன. நுண்ணிய வேலைப்பாடு கொண்ட கைப்பொருள் எத்தனை முறை இரயிலேறினால் முழுமையாக மீளும்? குழந்தைகளுக்குக் காட்டினால் பொம்மை அழிகிறது. பொம்மையைக் காத்தால் குழந்தைகள் காண முடியவில்லை. இந்த இக்கட்டில் அவர் நின்றபோது, டில்லியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு நேருவும் அவர் திருமகள் இந்திரா காந்தியும் வந்தனர். சங்கர் தம் மனக்குறையை அவர்களிடம் கூற, பொம்மைகளுக்கு நிலையான ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணத்தை இந்திரா காந்தி முன்வைத்தார்.

குழந்தைகளுக்கு நல்ல நூல்களை வெளியிடுவதற்காக 1957 இல் சங்கர் நிறுவியிருந்த சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை, டில்லி பகதூர் ஷா ஜாபர் சாலையில் நேரு இல்லம் என்ற கட்டடத்தை எழுப்பியது. அதன் ஒரு பகுதியே பொம்மைகளின் வீடாயிற்று. 1965 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள், குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் சங்கரின் அனைத்துலகப் பொம்மை அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். திருத்தணியில் பிறந்து, ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர் அவர். ஆசிரியர் ஒருவர் பொம்மை வீட்டைத் திறந்துவைத்தது நமக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. திறந்த வேளையில் ஏறத்தாழ 1000 பொம்மைகள் இருந்தன. இன்று 85 நாடுகளைச் சேர்ந்த 6000 க்கும் மேற்பட்ட பொம்மைகள் கண்ணாடிப் பேழைகளில் வீற்றிருக்கின்றன.

இவற்றையெல்லாம் விட நம் உள்ளத்தைக் கவர்வது அங்குள்ள பட்டறை. பிற நாடுகளிலிருந்து பொம்மைகள் அன்பளிப்பாக வருகின்றன. பதிலுக்கு எதைக் கொடுப்பது? கடையில் வாங்கிய ஏதோ ஒன்றைக் கொடுத்தால் இந்தியாவை அது எப்படிக் காட்டும்? ஆகவே இந்தியப் பொம்மைகளை அங்கேயே கைவேலையாகச் செய்ய ஏற்பாடு செய்தார். 150 வகைக்கும் மேற்பட்ட பொம்மைகள் அங்கே உருவாயின. ஒவ்வொரு வட்டாரத்து மக்களின் முக அமைப்பு, உடை, அணிகலன் ஆகியவற்றை முதலில் ஆராய்ந்து, பிறகே வேலையைத் தொடங்குவர். புடவை கட்டும் முறை ஊருக்கு ஊர் வேறு. தலைப்பு இடத்தோளில் விழுவதும் வலத்தோளில் விழுவதும் வேறு. ஒரு பொம்மைக்குத் தவறான முறையில் புடவை கட்டினால், அந்த வட்டாரத்து மக்களையே தவறாகக் காட்டியதாகும். போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் 1980 இல் நடைபெற்ற பொம்மை விழாவில் இப்பட்டறைப் பொம்மைகள் முதற்பரிசாகிய பொன் மயிலிறகைப் பெற்றன.

1967 இல் குழந்தைகளுக்கென ஒரு நூலகம், 1968 இல் சில்ட்ரன்ஸ் வேர்ல்ட் என்னும் மாத இதழ் எனப் பணிகள் தொடர்ந்தன. தம் இளமைக் குறும்புகளைத் தாத்தாவோடு சேர்த்துச் சொல்லும் கதை நூலையும் எழுதினார். 1975 இல், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட சில திங்களுக்குள், தம் புகழுக்கெல்லாம் அடிப்படையான வார இதழை நிறுத்திவிட்டார். கேலி செய்ய இடமில்லாத காலத்தில் கேலிச்சித்திர இதழ் எதற்கு? ஆயினும் பொம்மை வீட்டின் கதவும் நூலகத்தின் கதவும் மூடப்படவில்லை. 1976 இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது அளித்தது. 1977 இல் போலந்துக் குழந்தைகள் சார்பில் புன்னகை விருது வந்தது. 1989 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் அன்னார் மறைந்தார். 1991 இல் அவருடைய கேலிச்சித்திரங்களைத் தாங்கிய அஞ்சல் தலைகள் வெளிவந்தன.

இனி நம் தோட்டத்திற்கு வருவோம்.

உலகத்து உடைகளையெல்லாம் பொம்மைகளில் காணலாம் என்றால், பால்மரம் வெட்டிய நம் பாட்டிமாரின் உடை எந்தப் பொம்மையில் இருக்கிறது? கைலியின் மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் இறுகக் கட்டிய துணி, கொசுவுக்கு அஞ்சிக் காலில் சுற்றிய பழந்துணி, இடுப்பில் கத்தி, தோளில் காண்டா, அதன் இரு முனைகளிலும் வாளி. இன்று கிள்ளான் பகுதியில் பால்மரம் பெரும்பாலும் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனையும் பல இடங்களில் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வழிவிட்டது. அந்த உடையை அணிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் அருகில் இருக்கும்போதே கேட்டு, பார்த்து, தைத்து வைத்தல் வேண்டும் என்று கருதி, இவ்வாண்டு ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களின் கைவினைப் பாடத்தை இதற்கென ஒதுக்கினோம். மாணவிகளைப் போலவே மாணவர்களும் ஊசி பிடித்தனர். ஒரு சிலர் முதல் நாள் சிணுங்கினர். கத்தியும் வாளியும் செய்யலாம் என்றறிந்ததும் சிணுங்கல் நின்றது.

வீட்டிலும் இதனைச் செய்து பார்க்க விரும்பும் தாய்மாருக்குச் சில குறிப்புகள். உடலுக்குப் பழைய வெள்ளைப் பருத்தித் துணி போதும். உள்ளே இலவம்பஞ்சைத் திணித்து, கழுத்து சாயாதிருக்க நடுவில் நாலைந்து ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டிச் செருகலாம். கூந்தலுக்குக் கறுப்புக் கம்பளி நூல். கண்ணையும் வாயையும் மையால் வரைவதைவிட நூலால் இரண்டு மூன்று தையலிட்டால் நெடுநாள் நிற்கும்.

உடைக்கு அளவுதான் உயிர். பொம்மையின் உயரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணில் அது எட்டில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் புடவையை எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் வருகிறது. எட்டு சென்டிமீட்டர் கரை, ஒரு சென்டிமீட்டர் நாடாவாகிவிடும். வகுத்தல் கணக்கு இவ்வளவு எளிதில் புரிந்ததைக் கண்டு கணித ஆசிரியர் பொம்மை வகுப்பை மேலும் இரண்டு வாரம் நீட்டச் சொன்னார். ஆனால் துணியின் கனத்தை எட்டால் வகுக்க இயலாது! ஆதலால் மெல்லிய துணியையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். கொசுவ மடிப்புகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பூப்போட்ட துணி பொம்மைக்குப் பொருந்தாது. பொடிப் புள்ளியோ மெல்லிய கோடோ உள்ளது நல்லது. சட்டை தைக்கும்போது, துணி விரிந்து கிடக்கும் நிலையிலேயே கையை இணைத்துவிட்டு, பிறகு பக்கங்களை மூட வேண்டும். மூடிய பின்னர்க் கையை இணைக்க முயல்வோர் பொறுமையை இழப்பர். முதுகுப் பக்கம் திறப்பு விட்டு ஒரு சிறு அழுத்துப் பொத்தான் வைத்தால், குழந்தைகள் தாமே உடையைக் கழற்றி மாட்டலாம்.

துணிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இரவிக்கை தைக்கும் கடைகளில் வெட்டித் தள்ளும் துண்டுகள் மூட்டை மூட்டையாகச் சேரும். கேட்டால் மகிழ்ந்து கொடுப்பர். பட்டும் பருத்தியும் கலந்து கிடக்கும் அந்த மூட்டையைப் பிரிக்கும்போது குழந்தைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பாஜு கூரோங்கும் சோங்சாமும் அடுத்த ஆண்டுக்கு என வைத்திருக்கிறோம். அவற்றை நாமாகக் கற்பனை செய்து தைக்காமல், அணிவோரிடமே கேட்டுத் தைப்பது என்றும் முடிவு செய்துள்ளோம்.

பால்வெட்டுப் பெண்ணின் பொம்மை ஏழு நாள் கைவேலையில் நிறைவுற்றது. கத்தி தகரத் துண்டில் செய்தது. வாளிகள் மருந்துப் புட்டி மூடிகள். காண்டா, மெல்லிய மூங்கிற் குச்சி. பெற்றோர் தினத்தன்று அதனை மேசையில் வைத்தபோது, ஓய்வு பெற்ற பாட்டிமார் நால்வர் அதைச் சூழ்ந்துகொண்டனர். தலைத்துணியின் முடிச்சு முன்நெற்றியில் வரவேண்டும் என்றார் ஒருவர். பின்கழுத்தில்தான் வரவேண்டும், இல்லையேல் குனியும்போது அவிழ்ந்துவிடும் என்றார் மற்றொருவர். மூன்றாமவர் தம் சேலைத் தலைப்பையே எடுத்துக் கட்டிக் காட்டினார். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்று முறைகளையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டாள். மூன்று விதமாகத் தலைத்துணி கட்டிய மூன்று பொம்மைகள் இப்போது பள்ளி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில், அகராதிகளுக்கு மேல் தட்டில் நிற்கின்றன.