குற்றவாளியின் முகத்தைத் தேடியவர்: பிரான்சிஸ் கால்டன்

முகத்தைக் கொண்டு ஒருவர் யார் என்பதை மட்டுமன்றி, அவர் எப்படிப்பட்டவர், என்ன நினைக்கிறார் என்பதையும் எந்திரம் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை இன்று காவல்துறைகளிடம் வேரூன்றி வருகிறது. பெண்களின் முகத்தில் அச்சம் தெரிந்தால் காவல்துறையை எச்சரிக்கும் கேமராக்களைப் பொருத்தப் போவதாக 2021இல் லக்னோ காவல்துறை அறிவித்தது. இந்த நம்பிக்கைக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அதை அறிய விரும்புவோர் பிரான்சிஸ் கால்டனின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

கால்டன் 1822 பிப்ரவரி 16 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே, வங்கித் தொழில் செய்த செல்வக் குடும்பத்தில் பிறந்தார். சார்லஸ் டார்வினும் இவரும் ஒரே தாத்தாவின் வழிவந்தவர்கள். மருத்துவம் பயிலத் தொடங்கி, பின்னர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். 1844இல் தந்தை இறந்தபின் கிடைத்த சொத்து, ஊதியத்துக்காக உழைக்கும் தேவையே இல்லாதவராக அவரை ஆக்கியது.

1850இல் இன்றைய நமீபியா அமைந்துள்ள பகுதிக்குப் பயணம் சென்றார். அங்கே ஒரு கறுப்பினப் பெண்ணின் உடலளவை அறிய விரும்பிய அவர், அவரிடம் அனுமதி கேட்கவில்லை. தொலைவில் நின்று, நிலஅளவைக்குப் பயன்படுத்தும் கோணமானியை அவர்மீது திருப்பி, முக்கோணவியல் கணக்கால் அளவுகளைக் கண்டறிந்தார். இதைத் தன் பயண நூலில் பெருமையுடன் பதிவும் செய்தார். அளக்கப்படுபவரின் ஒப்புதல் தேவையில்லை என்ற இந்த மனப்பான்மை அவருடைய பிற்கால ஆய்வுகளைப் புரிந்துகொள்ள உதவும்.

1869இல் வெளிவந்த நூலில், அறிவாற்றல் பரம்பரையாக வருவது என்று வாதிட்டு, இனங்களைத் தரவரிசைப்படுத்தி, ஆப்பிரிக்கர்களை வெள்ளையருக்கு இரண்டு படி கீழே வைத்தார். செல்வமும் கல்வியும் வாய்ப்பும் யாருக்குக் கிடைத்தன என்ற கேள்வியை அவர் போதிய அளவு எழுப்பவில்லை. பிறப்பே தகுதி என்னும் இந்த வாதம் சாதியச் சமூகத்தில் வாழும் நமக்குப் புதியதன்று.

1870களின் பிற்பகுதியில் சிறைத்துறை உயர் அதிகாரி எட்மண்ட் டு கேன், தண்டனைக் கைதிகளின் ஒளிப்படங்களைக் கால்டனிடம் வழங்கினார். கொலை, திருட்டு, பாலியல் குற்றம் எனக் குற்றவகைக்கேற்ற முக அமைப்பு உண்டா என்று கண்டறிவதே நோக்கம். கால்டன் பல முகங்களைக் கண்கள் பொருந்துமாறு நிறுத்தி, ஒவ்வொன்றையும் சிறிது நேரம் மட்டும் ஒரே ஒளிப்படத் தகட்டில் பதித்தார். தனி ஒருவருக்கே உரிய கூறுகள் மங்கி, பொதுக் கூறுகள் மட்டும் எஞ்சும் என்பது அவர் கணக்கு.

கிடைத்த முடிவு எதிர்மாறாக இருந்தது. கூட்டுப் படத்தில் குற்றவாளி தென்படவில்லை. தனித்தனிப் படங்களைக் காட்டிலும் கண்ணியமான, இயல்பான மனித முகம் ஒன்றே தோன்றியது. இதை 1878இல் கால்டனே ஒப்புக்கொண்டார். காசநோயாளிகளின் முகங்களைக் கொண்டு பின்னர் செய்த ஆய்விலும் அந்நோய்க்கெனத் தனி முகவகை கிடைக்கவில்லை.

லண்டன் யூதப் பள்ளி மாணவர்களின் கூட்டுப் படத்தில் மட்டும் தான் தேடியதைக் கண்டதாக அவர் நம்பினார். அச்சிறுவர்களின் பார்வையில், எதிரில் நிற்பவரை விலைமதிக்கும் வணிகரின் குளிர்ச்சி தெரிவதாக எழுதினார். அதே படங்களைப் பார்த்த யூத அறிஞர் ஜோசப் ஜேக்கப்ஸுக்குச் சிந்தனையாளரின், கனவு காண்பவரின் பார்வையே தெரிந்தது. பார்ப்பவரின் முன்முடிவே முகபாவத்தின் பொருளாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முகத்தில் தோற்ற கால்டன் விரல் ரேகைக்குத் திரும்பினார். வங்காளத்தில் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் 1858 முதல் திரட்டிய பதிவுகள் அவருக்கு உதவின. 1892இல் வெளியிட்ட நூலில், விரல் ரேகை வாழ்நாள் முழுவதும் மாறாது என்று நிறுவினார். ரேகையிலும் இன வேறுபாட்டைத் தேடினார்; கிடைக்கவில்லை. ஆயினும் 1883இல் தானே பெயரிட்ட யூஜெனிக்ஸ் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் கைவிடவில்லை. 1909இல் சர் பட்டம் பெற்றார். 1911 ஜனவரி 17 அன்று இறந்தபோது, அக்கொள்கைக்கான பேராசிரியர் பதவிக்கு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிதி விட்டுச் சென்றார். அமெரிக்காவின் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களும் நாஜி ஜெர்மனியின் 1933ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கொள்கையின் பெயரால் நிறைவேறின.

அவர் மறைந்த அதே 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. முழுச் சமூகங்களும் பிறப்பால் குற்றவாளிகளாக்கப்பட்டு, விரல் ரேகை பதிய வற்புறுத்தப்பட்டன. 1920இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அறிவியலால் காண முடியாத பிறவிக் குற்றவாளியைச் சட்டம் உருவாக்கிக் கொண்டது.

மூக்கின் அளவைக் கொண்டு சாதி வரிசையை நிறுவ முயன்றார் ஹெர்பர்ட் ரிஸ்லி. அத்தகைய அளவீடுகளையே எடுத்தாண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தவர் அல்லர் என்று 1948இல் அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். ஆதிக்கத்தின் அளவுகோலைக் கொண்டே ஆதிக்கத்தின் பொய்யை அவர் உடைத்தார்.

அந்த வழி நமக்கும் தேவை. முகத்தைக் கொண்டு குற்றவாளியைக் கண்டறியலாம் என்று 2016இல் சீனாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. குற்றமற்றோர் படங்களில் தெரிந்த புன்னகையையும் வெள்ளைக் காலரையுமே கணினி கற்றுக்கொண்டிருக்கலாம் என்று விமர்சகர்கள் காட்டினர். 2018இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைக் கொண்டு பாலினத்தை வகைப்படுத்தும் மென்பொருள்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை சென்றது.

இந்தியாவிலோ, 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கைது செய்யப்பட்டவரின் ஒளிப்படம், விரல் ரேகை, கருவிழிப் பதிவு ஆகியவற்றை எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்க வழிசெய்கிறது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்த பின்னரே இச்சட்டம் வந்தது. அடையாளம் காணவென்று திரட்டப்படும் பதிவுகள், ஐயத்துக்குரிய சமூகங்களின் பட்டியலாக மாறக்கூடும் என்பதே நமது அச்சம்.

எனவே ஒரு முகம் பொருந்தியது என்று காவல்துறை கூறும்போது சில கேள்விகளை நாம் கேட்க வேண்டும். எத்தனை விழுக்காடு பொருந்தியது? யாருடைய முகங்களைக் கொண்டு அந்த மென்பொருள் பயிற்றுவிக்கப்பட்டது? யாருடைய படங்கள் அந்தத் தொகுப்பில் மிகுதி? வேறு சுயேச்சையான சான்று உண்டா? கால்டன் தன் தோல்வியையாவது அச்சிட்டு வெளியிட்டார். இன்றைய எந்திரங்களின் தோல்விகளை நீதிமன்றத்தில் வெளிக்கொணரும் பொறுப்பு நம்முடையது.