ஐந்தாவது சின்னம்

1971-ஆம் ஆண்டில் வெளிவந்த லெட் செப்பெலின் குழுவின் நான்காவது இசைத்தட்டின் உள்ளுறையில், உறுப்பினர் நால்வருக்கும் ஆளுக்கொரு சின்னம் உண்டு. ஐந்தாவதாகச் சிறியதொரு சின்னமும் இருக்கிறது: மூன்று முக்கோணங்கள். அது சாண்டி டென்னிக்கு உரியது. அக்குழுவின் இசைத்தட்டில் பாட அழைக்கப்பட்ட ஒரே விருந்தினர் அவர். அந்த ஒரு பாடலுக்காக மட்டுமே பலரும் அவரை நினைவுகூர்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

1947-இல் லண்டனில் பிறந்த சாண்டி, செவிலியர் பயிற்சியையும் கலைக் கல்லூரிப் படிப்பையும் விட்டுவிட்டுப் பாட வந்தவர். 1967-இல் அவர் சேர்ந்து பாடிய ஸ்ட்ராப்ஸ் குழு, பின்னாளில் முற்போக்கு ராக் இசையில் பெயர்பெற்றது. 1968-இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷனில் இணைந்தார். மறு ஆண்டு மே மாதம் நேர்ந்த சாலை விபத்தில் அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிள் உயிரிழந்தார். அத்துயரிலிருந்து எழுந்த குழு, பிரிட்டனின் பழங்கதைப் பாடல்களை மின்கிட்டாரோடு இணைத்துப் புதுவழி கண்டது. அந்த மரபைக் குழுவுக்குள் கொண்டுவந்ததில் சாண்டிக்குப் பெரும்பங்கு உண்டு.

அவர் பாடகி மட்டுமல்லர். தம் பாடல்களைத் தாமே எழுதி இசையமைத்தவர். 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளிலும் மெலடி மேக்கர் இதழின் வாசகர்கள் அவரைச் சிறந்த பிரிட்டிஷ் பாடகியாகத் தேர்ந்தெடுத்தனர். ஆயினும், தனி இசைத்தட்டுகளின் விற்பனை அப்புகழுக்கு ஈடாகவில்லை. 1978 ஏப்ரலில், 31 வயதில் மறைந்தார்.

ராக் இசை வரலாறு பெண் குரலுக்கு விருந்தினர் இருக்கை தந்ததோடு நின்றுவிடக் கூடாது. சாண்டி அந்த வீட்டைக் கட்டியவர்களுள் ஒருவர் என்றே நான் கருதுகிறேன்.