பாறைகளைப் பயின்ற கலாயோகி

ஆனந்த குமாரசுவாமி அவர்களை, நடராச வடிவத்தின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய கலாயோகி என்றே நம் மாணவர் அறிவர். அன்னார் கனிப்பொருளறிஞராய்ப் பணியாற்றிய ஆண்டுகளை வெறும் முன்னுரையாகக் கருதிக் கடந்துவிடுகின்றோம். சப்ரகமுவத் தோட்டங்களில் வாழ்வோர்க்கேனும் அது தகாது.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் எலிசபெத் அம்மையார்க்கும் மகனாய் 1877 ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900 இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் முதல் தலைவராக இருந்தார்.

அக்காலத்திலேதான் பலாங்கொடைப் பக்கத்து மணிக்கற் பரலிடையே கரிய, கனத்த சதுரமணிகள் அகப்பட்டன. அவற்றைக் குமாரசுவாமியே தனித்துக் கண்டெடுத்தார் எனச் சிலர் எழுதுவர், அது பொருந்தாது. முதலில் இனங்கண்டு எடுத்தவர் ஹொலண்ட் என்பார். இலண்டனில் டன்ஸ்ரன் என்பார் பகுத்தாராய்ந்து 1904 இல் தோரியனைற்று எனப் பெயரிட்டார். அக்கனிப்பொருள் இத்தீவிற் கிடைக்கும் வகையை ஆராய்ந்து எழுதியது குமாரசுவாமியின் பங்கு. உண்மைப் புகழே அவர்க்குப் போதும்.

அம்மணி சிறிதாயினும் அதன் வரலாறு பெரிது. இலங்கைத் தோரியனைற்றை ஆராய்ந்தே ஒட்டோ ஹான் 1905 இல் கதிர்த்தோரியத்தைக் கண்டார். 1910 இல் ஸ்ரட் என்னும் அறிஞர், அதனுள் அடைபட்ட ஈலியத்தை அளந்து, அதன் வயது 28 கோடி ஆண்டுக்குக் குறையாதென்றார். இன்றைய கணிப்போ ஏறத்தாழ 55 கோடி ஆண்டு என்னும். கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலம் அது.

நம் தீவின் நடுவிலுள்ள உயர்நிலப் பாறைத்தொகுதி, கிழக்கிலுள்ள விசயன் தொகுதியின்மேல் உந்தப்பட்டு ஏறியதும் அம்மோதலின் விளைவே. இரண்டும் பொருந்தும் பிளவு வலயம் இன்றும் தெரிகின்றது. மகாஓயா முதலிய வெந்நீரூற்றுகள் அதனை ஒட்டியே எழுகின்றன. சப்ரகமுவப் பாறைகளிற் பெரும்பாலான அவ்வுயர்நிலத் தொகுதியைச் சேர்ந்தவை. குமாரசுவாமி இவற்றையெல்லாம் அறிந்திலர். வெகெனர் தம் கண்ட நகர்வுக் கொள்கையை வெளியிட்டதே 1912 இல். ஆயினும் இத்தீவின் சுண்ணப்பாறைகளையும் பளிங்குப்பாறைகளையும் அவர் நுணுகி வரைந்த கட்டுரைகள் பின்வந்தார்க்கு அடிப்படையாயின.

இலண்டன் பல்கலைக்கழகம் அவர்க்கு 1906 இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அளித்ததும் இப்பாறையாராய்ச்சிக்கே. கல்தேடி ஊரூராய்ச் சென்றவர் ஆங்காங்கு நலிந்துகிடந்த கைவினைகளைக் கண்டு மனம் நொந்தார். 1908 இல் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917 இல் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் சேர்ந்து, 1947 செப்டெம்பர் 9 ஆம் நாள் அமெரிக்காவிலேயே மறைந்தார்.