மண்ணை அடுக்கடுக்காகப் படித்தவர்: அரிக்கமேட்டைத் தோண்டிய மோர்டிமர் வீலர்

பழைய தோட்ட லயங்களை இடித்த இடத்தில் கால்வாய் வெட்டியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மேலே புல்வேர் பிடித்த மண். அதன் கீழே உடைந்த ஓடும் காரையும். அதற்கும் கீழே அடுப்புச் சாம்பல், பீங்கான் துண்டு. அடியில் மனிதக் கை படாத கன்னி மண். கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. இந்த எளிய உண்மையைக் கறாரான பதிவு முறையாக மாற்றி, இந்திய மண்ணில் ஒரு தலைமுறைக்கே பயிற்றுவித்தவர் சர் மோர்டிமர் வீலர். தமிழர்களின் பழங்கால வணிகத்துக்குச் சான்றாக நாம் பெருமையோடு சொல்லும் அரிக்கமேட்டுக்குக் காலம் குறித்தவரும் அவர்தான்.

வீலர் 1890-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். தந்தை பத்திரிகையாளர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்து முடித்துத் தொல்லியலில் காலூன்றும் நேரத்தில் முதல் உலகப் போர் வந்தது. பீரங்கிப் படையில் சேர்ந்தார், வீரப் பதக்கமும் பெற்றார். ஆனால் போருக்கு முன் ஓர் அகழாய்வில் ஒன்றாக வேலை செய்த மாணவர்கள் ஐவரில் உயிரோடு மிஞ்சியது அவர் ஒருவரே. செத்துப்போன நண்பர்களின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியவர் போலத்தான் அதன் பின் உழைத்தார்.

வேல்ஸ் நாட்டு அருங்காட்சியகத்திலும் பிறகு லண்டன் அருங்காட்சியகத்திலும் பொறுப்பேற்று, ரோமானியர் காலத்துக் கோட்டைகளையும் நகரங்களையும் தோண்டினார். மனைவி டெஸ்ஸா எல்லா அகழாய்வுகளிலும் சரிபாதி. களத்தை நடத்தியதும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் பெருமளவு அவர்தான். இருவரும் சேர்ந்து லண்டனில் தொல்லியல் கழகம் ஒன்றை உருவாக்கப் பாடுபட்டார்கள். அது முறையாகத் திறக்கப்படுவதற்கு முன்பே, 1936-இல் டெஸ்ஸா காலமானார். கணவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார்.

அவர்கள் வளர்த்தெடுத்த முறை நம் வயல்காட்டைப் போன்றது. தோண்டும் இடத்தைச் சதுரம் சதுரமாகப் பிரிப்பார்கள். இரண்டு குழிகளுக்கு நடுவே வரப்பு போல ஒரு மண்சுவரைத் தோண்டாமல் விடுவார்கள். குழி இறங்க இறங்க, அந்தச் சுவரின் முகத்தில் மண்ணின் நிறமும் தன்மையும் மாறுவது பட்டை பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் எண் கொடுத்துச் சீட்டுக் குத்துவார்கள். நூல் கட்டி, மட்டம் பார்த்து, அளவு பிசகாமல் தாளில் வரைவார்கள். கிடைக்கும் ஓட்டாஞ்சில்லும் மணியும் எந்தப் பட்டையில் கிடைத்ததோ அந்த எண்ணோடுதான் பையில் போகும்.

இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். 1944-இல் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தபோது, அங்கே பெரிய அகழாய்வுகளில் வேறு வழக்கம் இருந்தது. நிலையான ஒரு புள்ளியிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் பொருள் கிடைத்தது என்று மட்டும் எழுதி வைப்பார்கள். ஆனால் மண் தட்டையாகப் படிவதில்லை. மேட்டில் சரியும், பள்ளத்தில் நிரம்பும். பின்னால் வந்தவர் குப்பைக்குழி வெட்டினால் அவர் காலத்துப் பானை பழைய தரைக்கும் கீழே போய்க் கிடக்கும். ஒரே ஆழத்தில் பாட்டன் பொருளும் பேரன் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அடிக்கணக்கு மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒரே காலம் என்று எழுதிவிடுவார்.

இதை மாற்ற, அதே ஆண்டு தட்சசீலத்தில் பயிற்சி முகாம் ஒன்றை வீலர் நடத்தினார். பி. பி. லால், பி. கே. தாப்பர் போன்று பின்னாளில் இந்தியத் தொல்லியலை வழிநடத்தியவர்கள் அவரிடம் பயின்றவர்களே. வீலர் கோபக்காரர், படைத்தலைவரின் மிடுக்கோடு வேலை வாங்குபவர். குழியின் சுவர் செங்குத்தாக இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் திட்டு விழும்.

அவர் தமிழ் மண்ணுக்கு வந்தது ஓர் உடைந்த சாடியின் வழியாக. சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில், மது கொண்டுவரும் ரோமானியச் சாடியின் துண்டைக் கண்டார். அது புதுச்சேரிப் பக்கம் கிடைத்தது என்று அறிந்ததும் அங்கே புறப்பட்டுவிட்டார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அரிக்கமேட்டில், ஆற்றங்கரையில், 1945-இல் அகழாய்வு நடந்தது. கிடங்கு போன்ற செங்கல் கட்டடம், தொட்டிகள், மணிகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பாணியில், குயவரின் முத்திரை குத்திய சிவப்புப் பாண்டங்களும் கிடைத்தன. அவை எக்காலத்தவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆகவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் காலம் சொல்ல முடிந்தது. 1947-இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அதே உள்ளூர்ப் பாண்ட வகை தென்பட்டபோது, அங்கிருந்த பெருங்கற்கால மக்களுக்கும் காலம் கணிக்க வழி பிறந்தது. காலமே தெரியாமல் கிடந்த தென்னிந்தியப் பழமைக்கு ஓர் ஆண்டுக்கணக்கு கிடைத்தது இப்படித்தான்.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. ரோமானியர் வருகையையொட்டி உருவான வணிகத்தலம் அரிக்கமேடு என்று அவர் கருதினார். அவர் விட்டுச்சென்ற வெட்டுமுக வரைபடங்களையே மறுபடி ஆராய்ந்து, பிறகு 1989 முதல் 1992 வரை அங்கே தோண்டியும் பார்த்தார் விமலா பெக்லி என்ற அறிஞர். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்து வணிகம் செய்தார்கள் என்று அவர் காட்டினார். வீலரைத் திருத்துவதற்கு வீலரின் பதிவே உதவியது.

மொகஞ்சதாரோவில் நடந்தது நேர்மாறு. அங்கே முன்னவர்கள் கண்டெடுத்த எலும்புக்கூடுகளை வைத்து, ஆரியர் படையெடுத்து வந்து அந்நகர மக்களைக் கொன்றார்கள் என்று வீலர் எழுதினார். அந்தக் கருத்து உலகெங்கும் பரவியது. அவை ஒரே காலத்தவை அல்ல, நகரத்தின் கடைசி அடுக்கைச் சேர்ந்தவையும் அல்ல என்று 1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் எடுத்துக்காட்டினார். எந்த அடுக்கு என்று கேட்காமல் எதற்கும் காலம் சொல்லாதே என்று கற்பித்தவரே, அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லாத இடத்தில் சறுக்கினார்.

1948-இல் பொறுப்பிலிருந்து விலகி நாடு திரும்பிய வீலர், 1950-களில் தொலைக்காட்சியில் தோன்றி, தொல்லியலைச் சாதாரண மக்களின் வரவேற்பறைக்கே கொண்டுபோனார். 1952-இல் சர் பட்டம் பெற்றார். 1976-இல் மறைந்தார். அவரிடம் பயின்ற கேத்லீன் கென்யன் அதே முறையை எரிகோ அகழாய்வில் கையாண்டதால், இருவர் பெயரும் சேர்ந்தே அந்த முறைக்கு நிலைத்தது.

அரிக்கமேட்டில் கிடைத்ததைப் போன்ற சிறு கண்ணாடி மணிகள் பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாஸிலும் கிடைத்துள்ளன. கடல் தாண்டிய அந்தத் தொடர்பை நம் காலடி மண்ணும் சுமந்திருக்கிறது. ஆனால் 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில் ஒன்றின் எச்சம் நிலமேம்பாட்டுப் பணியின்போது தகர்க்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. நிலத்தைக் கிளறும்போது பழம்பொருள் ஏதாவது கண்ணில் பட்டால், எடுத்துக் கழுவி வீட்டு அலமாரியில் வைக்காமல், கிடந்த இடத்திலேயே விட்டு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்வதே நல்லது. மண்ணைவிட்டுப் பிடுங்கிய மணி வெறும் மணிதான். அது கிடந்த அடுக்கோடு சேர்ந்தால்தான் நம் முன்னோரின் கதை.